எட்டாம் நூலுக்குப் பின்

புனித அகுஸ்தினாரின் 'அறிக்கைகள்' பதின்மூன்று நூல்களைக் கொண்டது. எட்டாம் நூலில், 386ஆம் ஆண்டு, மிலான் நகரத்துத் தோட்டம் ஒன்றில் அவர் மனம் திரும்புகிறார். நம்முடைய மறையுரைகளும் தியானக் கூட்டங்களும் பெரும்பாலும் அந்தத் தோட்டத்தோடு நின்றுவிடுகின்றன. குழந்தையின் குரல் கேட்டது, திருநூலைத் திறந்தார், கண்ணீர் வடித்தார், திருந்தினார். நாமும் "ஆமென்" என்று சொல்லி அமர்ந்துவிடுகிறோம். ஆனால் நூலாசிரியர் அமரவில்லை. இன்னும் ஐந்து நூல்கள் எழுதுகிறார். மனம் திரும்பிய மனிதன் அதற்குப் பின் எப்படி வாழ்ந்தான், எதற்காக அழுதான், இன்னும் எதற்கு அஞ்சுகிறான் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

நானும் நெடுநாள் எட்டாம் நூலோடு நிறுத்திக்கொண்ட போதகன்தான். அதற்கு வேறொருவர் விலை கொடுத்தார். அக்கடனை ஓரளவேனும் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

தாம்பரத்தை அடுத்த பங்கு ஒன்றில் நான் பணியாற்றியபோது, இருபது ஆண்டுக் குடியை விட்டு ஏழு மாதங்களான ஒருவரைத் தவக்காலத் தியானத்தில் மேடையேற்றினேன். அவர் சாட்சி சொன்னார்; மக்கள் கைதட்டினார்கள்; எனக்கும் பெருமையாக இருந்தது. சில மாதங்களில் அவருடைய தாயார் இறந்தார். அடக்கத்திற்கு முன் பெட்டியருகே வறண்ட கண்களோடு நின்றவர் என்னிடம் வந்து, "ஃபாதர், நெஞ்சுல கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கு. இத நான் என்ன பண்றது?" என்று கேட்டார். "சாட்சி சொன்னவன்பா நீ. நீயே அழலாமா? தைரியமா இரு" என்றேன். கல்லறையிலிருந்து திரும்பும் வழியிலேயே அவர் குடித்தார். மறுபடி நிறுத்தப் பதினொரு மாதங்கள் ஆயின.

அவர் கேட்டது நல்ல கேள்வி. குடியை விட்டவன் தன் துயரத்தை என்ன செய்வது? இக்கேள்விக்கு நம் கலைகளும் இலக்கியமும் சபையின் மரபும் என்ன விடை தருகின்றன என்று சற்றே ஆராய்வோம்.

திரை கற்பித்தது

தமிழ் மக்கள் குடியைப் பற்றிய தங்கள் கற்பனையைத் திருக்குறளிலிருந்து பெற்றதைவிடத் திரையிலிருந்து பெற்றதே மிகுதி. சரத்சந்திரர் 1917இல் வெளியிட்ட வங்க நாவல், 1953இல் வேதாந்தம் ராகவய்யாவின் இயக்கத்தில் 'தேவதாஸ்' என்று தமிழிலும் தெலுங்கிலும் படமாக வந்தது. நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த அப்படத்தைப் பார்த்துக் கலங்காதவர்கள் அக்காலத்தில் அரியவர்கள். காதல் கைகூடாத இளைஞன் குடிக்கிறான். குடித்துக் குடித்து நலிகிறான். இறுதியில் காதலியின் கணவன் வீட்டு வாயிலில் உயிர் விடுகிறான்.

படத்தின் கலைச்சிறப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது நம் மனத்தில் ஊன்றிச் சென்ற கணக்கு ஆபத்தானது. எவ்வளவு குடித்தானோ அவ்வளவு நேசித்தான் என்பதே அக்கணக்கு. மது துயரத்தின் அளவுகோலாகிவிட்டது. அந்த அளவுகோலின்படி, துயரத்தைக் குடிக்காமல் தாங்குகிறவன் குறைவாக நேசித்தவனாகத் தோன்றுவான். தாயை இழந்த மகனின் தோளில் கைபோட்டு, "ஒரு ரவுண்டு போட்டாத்தான் தாங்கும்" என்று அழைக்கும் நண்பன், தான் அறியாமலே தேவதாஸின் சீடன்.

1972இல் வந்த 'வசந்த மாளிகை' இதற்கு மறுதலையாகத் தோன்றும். கே.எஸ். பிரகாஷ் ராவ் இயக்கிய அப்படத்தில் சிவாஜி கணேசன் ஏற்ற ஆனந்த் என்னும் செல்வன், லதாவின் அன்புக்காகக் குடியை விடுகிறான். வாக்குக் கொடுத்தவன் அதைக் காக்கவும் செய்கிறான். ஆனால் அவளைப் பிரிந்து உள்ளம் உடையும்போது, தான் விலக்குவதாகச் சொன்னது மதுவை மட்டுமே என்று வாதிட்டு நஞ்சை எடுக்கிறான். இன்றும் பலர் வாய்ப்பாடமாகச் சொல்லும் காட்சி அது.

கைதட்டல் ஓய்ந்தபின் அக்காட்சியைச் சிந்திக்க வேண்டும். இயக்குநர் எண்ணினாரோ இல்லையோ, அது ஒரு கசப்பான உண்மையைத் தொட்டுவிடுகிறது. குடிநோயாளியிடமிருந்து புட்டியை வாங்கிக்கொண்டோம். அவன் துயரத்தைத் தாங்குவதற்கு அறிந்திருந்த ஒரே கருவி அது. வெறுங்கையில் நாம் வேறு எதையும் வைக்கவில்லை. வாக்குறுதி குடியை நிறுத்தும், வலியை நிறுத்தாது. ஆனந்தின் குடியை மட்டும் கேட்ட அந்த அன்பு, அவன் வலியை யார் கேட்பது என்பதைச் சொல்லாமல் விட்டது. என் பங்கின் தியான மேடையும் அவ்வாறே விட்டது.

வற்றிய குளத்தின் அடியில்

ஏரி சூழ்ந்த ஊர்களில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். நீர் நிறைந்திருக்கும்வரை ஏரி அழகாகத் தெரியும். வற்றும்போதுதான் அடியில் கிடந்தவையெல்லாம் வெளிப்படும். பல ஆண்டுகளாகக் குடித்தவன் தந்தையின் சாவுக்கு அழுதிருக்க மாட்டான். மனைவியை அடித்த நாளுக்கு வெட்கப்பட்டிருக்க மாட்டான். வேலை போனதற்கு அஞ்சியிருக்க மாட்டான். அவற்றையெல்லாம் மதுவில் மூழ்கடித்திருப்பான். குடி நின்றதும் அத்தனையும் ஒரே சமயத்தில் தலை தூக்குகின்றன. ஊரார், "இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்" என்பார்கள். அவனுக்கோ துன்பம் அப்போதுதான் தொடங்குகிறது.

இதில் உடலின் பங்கும் உண்டு. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் ஆகியவை வந்து உயிருக்கே இடர் நேரலாம். எனவே மருத்துவர் மேற்பார்வை இல்லாமல், செபக் கூட்டத்தில் சத்தியம் வாங்கி நிறுத்தச் செய்வது பொறுப்பற்ற செயல். அந்த முதற்கட்டம் கடந்த பின்னரும் உறக்கமின்மை, எரிச்சல், காரணம் தெரியாத சோர்வு ஆகியவை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். இவை விசுவாசக் குறைவின் அடையாளங்களல்ல. மூளையும் நரம்புகளும் தங்கள் நிலைக்குத் திரும்பும் காலத்தின் குறிகள்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் இயக்கத்தை 1935இல் மருத்துவர் பாப் ஸ்மித்துடன் தொடங்கிய பில் வில்சன், 1934ஆம் ஆண்டின் இறுதியில் குடியை விட்டவர். மீண்டும் அவர் மதுவைத் தொடவில்லை. ஆயினும் 1940களின் நடுவில் கடும் மனச்சோர்வு அவரைப் பற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் விடாமல் வருத்தியது. பல்லாயிரம் பேருக்கு வழிகாட்டியவர், தாம் எழுந்திருக்க முடியாமல் கிடந்த நாள்களை மறைக்கவில்லை. 1958இல் தம் இயக்கத்தின் இதழில், குடியிலிருந்து தெளிவதைப் போலவே உணர்ச்சிகளிலும் தெளிவு பெறவேண்டும், அதுவே அடுத்த எல்லை என்று எழுதினார். பிறருடைய அன்பையும் பாராட்டையும் அளவு கடந்து சார்ந்திருந்ததே தம் துயரத்தின் வேர் என்று கண்டார். ஆனந்தைப் போன்றோர்க்கு இதைவிடப் பொருத்தமான விமர்சனம் இருக்க முடியாது.

அவருக்குத் துணைநின்றவர்களுள் எட்வர்ட் டௌலிங் என்னும் இயேசு சபைக் குரு ஒருவர். அவர் குடிநோயாளி அல்லர். 1940இல் பில்லைத் தேடிச் சென்று சந்தித்தவர், அவ்வியக்கத்தின் பன்னிரு படிகளுக்கும் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளுக்கும் இடையே ஒற்றுமை கண்டார். தன் வாழ்வை அஞ்சாமல் ஆராய்வது நான்காம் படி. தன் குற்றங்களைக் கடவுளிடமும் தன்னிடமும் மற்றொரு மனிதரிடமும் ஒளிக்காமல் சொல்வது ஐந்தாம் படி. ஒப்புரவு அருட்சாதனத்தை அறிந்த நமக்கு இவை அந்நியமானவை அல்ல.

இஞ்ஞாசியார் தரும் விதிகளுள் ஒன்றை நான் இப்போது குடிநோயிலிருந்து மீள்வோர்க்குச் சொல்லத் தவறுவதில்லை. உள்ளம் வறண்டு இருள் சூழ்ந்திருக்கும் வேளையில், முன்பு தெளிவோடு எடுத்த முடிவை மாற்றாதே என்பது அது. இன்னொரு விதி, தீய ஆவி இரகசியத்தையே விரும்பும், தகுந்த ஒருவரிடம் வெளிப்படுத்தினால் அதன் பலம் குன்றும் என்கிறது. இரவு ஒன்பது மணிக்கு நெஞ்சு அடைக்கும்போது இவ்விரண்டும் போதுமான மருந்து என்று சொல்லேன். மறுநாள் விடியும்வரை பிடித்துக்கொள்ள ஒரு கம்பியாக உதவும்.

ஒன்பதாம் நூல்

மீண்டும் அகுஸ்தினாரிடம் வருவோம். ஒன்பதாம் நூலில் இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் படித்தபோதுதான் நான் செய்த பிழையை உணர்ந்தேன்.

முதலாவது, அவருடைய தாய் மோனிக்காவின் இளமை. பீப்பாயிலிருந்து திராட்சை இரசம் மொண்டுவர அனுப்பப்பட்ட சிறுமி, உதட்டு நுனியால் சிறிது சுவைக்கத் தொடங்கி, நாளடைவில் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கும் பழக்கத்தில் விழுந்தாள். பணிப்பெண் ஒருத்தி சண்டையில் குடிகாரி என்று ஏசிய சொல் சுட்டு, அன்றே நிறுத்திவிட்டாள். தாய்மார் சங்கங்களின் பாதுகாவலி என்று நாம் போற்றும் புனிதை, சிறுவயதில் குடியின் விளிம்பில் நின்றவர்! இதைச் சொல்லிவிட்டு அகுஸ்தினார் ஓர் எச்சரிக்கையும் தருகிறார். குணமாக்கியவர் கடவுளே, ஏசியவள் குணமாக்க எண்ணி ஏசவில்லை. ஆகையால், தன் சொல்லால் ஒருவன் திருந்தினான் என்று எவரும் தனக்குப் பெருமை தேடிக்கொள்ள வேண்டாம் என்கிறார். தியான மேடையில் பெருமையோடு அமர்ந்திருந்த குருவுக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது அவ்விடம்.

இரண்டாவது, 387இல் ஓஸ்தியா துறைமுக நகரில் மோனிக்காவின் மரணம். அவர் மூச்சு அடங்கியதும் அகுஸ்தினாரின் சிறுவயது மகன் அதெயோதாத்துஸ் கதறி அழுகிறான். சுற்றி நின்றவர்கள் அவனை அடக்குகிறார்கள். உயிர்ப்பில் நம்பிக்கை கொண்டவர்கள் கதறுவது தகாது என்பது அவர்கள் எண்ணம். அகுஸ்தினாரும் கண்ணீரை உள்ளே அழுத்துகிறார். அடக்கம் முடிந்து திரும்பும்வரை ஒரு துளி விடவில்லை. குளித்தால் துயரம் அகலும் என்று கேள்விப்பட்டுக் குளிக்கச் செல்கிறார். குளித்தும் அது அகலவில்லை. பிறகு உறங்குகிறார். விழித்தபின், புனித அம்புரோசியாரின் மாலைப் பாடல் ஒன்றை நினைக்கிறார். தாயின் நினைவு மெல்லத் திரும்புகிறது. அதுவரை தேக்கிய கண்ணீரைக் கடவுள் முன் தனிமையில் பெருக விடுகிறார். இதைப் பாவம் என்பவன் என்னை நகைக்க வேண்டாம், எனக்காக அழட்டும் என்ற பொருளில் எழுதுகிறார்.

அந்தக் குளியல் எனக்குப் புதிய செய்தியாக இருந்தது. துயரத்தைப் போக்க வெளியிலிருந்து ஒன்றை நாடுவது மனித இயல்பு. இளமையில் நண்பன் இறந்தபோது இதே அகுஸ்தினார் ஊரைவிட்டே கார்த்தேஜுக்கு ஓடியதை நான்காம் நூல் சொல்கிறது. இப்போது ஓடவில்லை. குளித்தார், உறங்கினார், பாடலை நினைத்தார், அழுதார். ஆறும் வழி இவ்வளவு எளியதாக, இவ்வளவு தாமதமாக இருக்கிறது. "அழலாமா?" என்று நான் கேட்டபோது, அச்சிறுவனை அடக்கிய கூட்டத்தில் ஒருவனாக நின்றேன்.

பத்தாம் நூல் இன்னும் நேர்மையானது. ஆயராகிவிட்ட பின்பும் தம்மைத் தொடரும் சோதனைகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார். குடிவெறி தமக்கு நேரவில்லை, ஆனால் குடியர் பலர் இறையருளால் தெளிந்ததைக் கண்டேன் என்கிறார். உணவின் ஆசை மட்டும் இன்னும் ஊர்ந்து வருகிறது என்று ஒப்புக்கொள்கிறார். நாம் கேட்கும் சாட்சியங்களில் இந்தப் பத்தாம் நூல் இருப்பதில்லை. "நேற்றிரவும் ஆசை வந்தது" என்று மேடையில் சொல்ல இடமிருந்தால், பலர் இரகசியமாக வழுக்கி விழமாட்டார்கள்.

கருணையன் அழுதான்

நம் வீட்டிலேயே இருக்கும் செல்வத்தையும் சொல்ல வேண்டும். வீரமாமுனிவரின் தேம்பாவணி 36 படலங்களில் 3615 பாடல்கள் கொண்டது. அதில் கருணையன் என்ற பெயரில் வருபவர் திருமுழுக்கு யோவான். காட்டில் தனக்கிருந்த ஒரே துணையான தாய் எலிசபெத்தை அவர் அடக்கம் செய்து புலம்பும் பகுதி, நம் பிள்ளைகளின் பத்தாம் வகுப்புப் பாடநூலிலும் இடம்பெற்றது. வழி தெரியாத காட்டில் தனியனாக விடப்பட்ட ஒரு மகனின் தவிப்பு அது. அவன் புலம்பலைக் கேட்டுக் காடே உடன் அழுவதாக முனிவர் பாடுகிறார்.

திராட்சை மதுவும் வேறெந்த மதுவும் அருந்தமாட்டார் என்று லூக்கா நற்செய்தியில் வானதூதர் முன்னறிவித்தவர் இந்த யோவானே. தமிழ்க் கத்தோலிக்க இலக்கியத்தில் மதுவைத் தொடாத மாமனிதர் ஒருவர் தாய்க்காக வாய்விட்டு அழுகிறார். அழுகை அவருடைய துறவுக்குக் குறையாகவில்லை. தேவதாஸை அறிந்த அளவுக்கு நாம் கருணையனை அறியாமற்போனது பெரிய இழப்பு.

யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இலங்கையில் இயற்றிய வியாகுலப் பிரசங்கத்தைப் பாடி, பெரிய வாரத்தில் ஊரே அழுத மரபும் நமக்கு உண்டு. ஆயினும் சாவு வீட்டில் நடப்பது என்ன? பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கிறார்கள். ஆண்கள் பந்தலுக்கு வெளியே நாற்காலியில் அமர்ந்திருந்து, சிறிது நேரத்தில் இரண்டிரண்டு பேராக ஒதுங்குகிறார்கள். பெண்ணுக்குக் கண்ணீரையும் ஆணுக்குப் புட்டியையும் பங்கிட்டுக் கொடுத்த சமூகம் நம்முடையது. ஆணுக்கும் அழ இடம் கொடுப்பது மதுவிலக்குப் பிரசாரத்தின் ஒரு பகுதியாக வேண்டும்.

மதுவிலக்கைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். 1937இல் இராஜாஜி சேலத்தில் தொடங்கியது, 1971இல் விலக்கப்பட்டது, 2003இல் சில்லறை விற்பனையையே அரசு நிறுவனம் ஏற்றது, 2024இல் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அறுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது ஆகியவற்றை அறிவோம். கடையைப் பற்றிய பேச்சு வேண்டியதே. ஆனால் கடையைக் கடந்து வீடு திரும்பியவனைப் பற்றிய பேச்சு குறைவு. வள்ளுவர் கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாகவும் மருந்தை 95ஆம் அதிகாரமாகவும் வைத்தார். கண்டித்துவிட்டு இரண்டே அதிகாரங்களில் மருந்துக்கு வந்துவிடுகிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கொடுப்பவர் என நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்றும் சொல்கிறார். நம்மிடம் எப்போதும் குறைபடுபவர் அந்த நான்காமவர்.

நம் தென்சென்னைப் பகுதியிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1979இல் தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அமெரிக்காவின் ஹேசல்டன் நிலையத்தில் பயிற்சி பெற்று, 1980இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை அதன் கனி. நோயாளியோடு குடும்பத்தாரையும் அழைத்துப் பேசவைப்பதும், சிகிச்சைக்குப் பின் தொடர்ந்து கவனிப்பதும் அங்கே மருத்துவத்தின் பகுதிகள். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. ஒரு பெண்ணின் துயரம் மறைக்கப்படாமல் பிறருக்கு மருந்தாக மாறிய வரலாறு அது.

இன்னுமொரு பாடத்தை நாம் நாள்தோறும் மின்சார ரயிலில் கடந்து செல்கிறோம். தாம்பரம் சானடோரியம் என்ற நிலையத்தின் பெயர், 1928இல் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து அங்கே நிறுவிய காசநோய் நிலையத்தால் வந்தது. காசத்தைக் கொல்லும் மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. ஓய்வு, தூய காற்று, நல்ல உணவு, நீண்ட நாள்கள் ஆகியவையே மருந்து. இருமல் நின்றதும் நோயாளியை மேடையேற்றிக் கைதட்டும் வழக்கம் அங்கே இருந்திருக்க முடியாது. மீள்வதற்குக் காலம் வேண்டும் என்பதைத் தன் பெயரிலேயே சுமக்கும் ஊரில் வாழ்ந்துகொண்டு, ஏழு மாதத்தில் ஒருவரைப் புனிதராக்க அவசரப்பட்டேன்.

சாட்சியங்களே வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். ஒருவர் எழுந்ததைக் கேட்டு மற்றொருவர் எழுகிறார். ஆனால் சாட்சி சொல்பவருக்கு மறுநாள் காலையில் யார் துணை என்று கேட்டபின் ஒலிபெருக்கியைக் கையில் கொடுப்போம். அவர் வீட்டில் சாவு நேர்ந்தால் அன்றிரவு இருவர் அவரோடு தங்கட்டும். உயிரே வேண்டாம் என்ற எண்ணம் அவருக்கு எழுந்தால், செபத்தோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணையும் ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்போம்.

நான் தொடக்கத்தில் சொன்ன அன்பர் சிகிச்சைக்குச் சென்று திரும்பி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய இசைவோடுதான் இதை எழுதுகிறேன். தாயாரின் மூன்றாம் ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்ததும் அறைக்கு வந்தார். அன்று நான் அவருக்கு ஒன்பதாம் நூலின் அப்பகுதியைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். குளியலறை வரும் இடத்தில் சிரித்தார். "நானும் அன்னிக்கு ரெண்டு தடவ குளிச்சேன் ஃபாதர்" என்றார். பிறகு வெகுநேரம் அழுதார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எழுந்தபோது முகம் கழுவத் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்.